இருட்டில் வளர்ந்த கோதுமை

பிள்ளைகளா,

போன வாரம் நீங்கள் வரலாற்றுப் பாடம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வரி என் காதில் விழுந்தது. அரேபியர்கள் பாரசீகத்தை வென்றார்கள், அங்கே குடியேறினார்கள் என்று சின்னவள் சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "குடியேறி அப்புறம் என்னப்பா ஆச்சு?" என்று பெரியவன் கேட்டான். புத்தகத்தில் அதோடு சரி, அடுத்த பக்கத்தில் வேறு ராஜா வந்துவிட்டார். நான் கடை திறக்கிற அவசரத்தில் அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அதைத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் படிப்பு உங்களுக்குத் தெரியும். எஸ்.எஸ்.எல்.சி., அதற்கு மேல் டைப்ரைட்டிங் ஹையர். ஆனாலும் அந்தப் பாடத்தின் மிச்சம் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதை நான் பத்து விரலாலும் அடித்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நாகமலை புதுக்கோட்டையில் உங்கள் அத்தை வீட்டில் இருந்தேன். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைகள் வராத காலத்தில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மெஷின் போட்டு ஜாப் டைப்பிங் செய்துகொண்டிருந்தேன். ஆராய்ச்சி மாணவர்கள்தான் எனக்குச் சோறு. நெல்லுக்கு வரும் பூச்சி, கோவில் தூணில் இருக்கும் சிற்பம், மில் தொழிலாளி வாங்கும் கடன் என்று யார் யாருடைய ஆராய்ச்சியையோ அடித்துக் கொடுப்பேன். பாதி புரியும், பாதி புரியாது. புரியாததைத்தான் பிழையில்லாமல் அடிப்பேன். புரிந்தால் வேகமாகப் போய்த் தப்பு விட்டுவிடுவேன்.

உங்கள் அத்தை வீட்டு மாடியில் ஈரானிலிருந்து வந்த ஒரு மாணவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். வரலாற்றில் டாக்டர் பட்டத்துக்குப் படித்தார். டீக்கடையில் உட்கார்ந்தே தமிழ் கற்றுக்கொண்டவர், அதனால் அவர் தமிழில் பாதி டீக்கடைத் தமிழ். பெரிய பேராசிரியரையே ஒரு தடவை "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டாராம். பேராசிரியரும் "சொல்லு தம்பி" என்றாராம்.

அவர் ஆராய்ச்சி இதுதான்: முதன்முதலில் அரேபியர்கள் பாரசீக மொழி பேசும் நாட்டுக்குள், அதிலும் கிழக்கே குராசான் என்கிற பக்கத்தில், குடியேறினார்களே, அதன் பிறகு வந்தவர்களும் இருந்தவர்களும் எப்படி மாறினார்கள் என்பது. ஒவ்வோர் அத்தியாயமாகக் கையால் எழுதிக் கொண்டுவருவார். நான் கார்பன் வைத்து அடிக்க, அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தின பக்கத்தைச் சரிபார்ப்பார். இடையிடையே நான் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வார். டீ மட்டும் நான் வாங்கித் தர வேண்டும்.

அப்படித் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். வந்தவர்கள் ஈட்டியோடு வந்தார்கள். சண்டை நடந்தது, ரத்தம் சிந்தியது, வரி போட்டார்கள். அதை மறைக்காமல்தான் அவர் எழுதியிருந்தார். ஆனால் பெண்டு பிள்ளைகளோடு வந்தவன் எத்தனை நாள் ஈட்டியைப் பிடித்துக்கொண்டே நிற்பான்? ஒரு பெரிய ஊரில், தோற்ற ஜனங்கள் தங்கள் வீட்டிலேயே வந்தவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று ஒப்பந்தமாம். அந்தப் பக்கத்தை அடிக்கும்போது எனக்கு விரல் நின்றுவிட்டது. ஜெயித்தவனும் தோற்றவனும் ஒரே வாசல் புழங்குவது. காலையில் எழுந்தால் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் வந்தவர்கள் அந்த ஊர்க் கால்சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். நிலம் வாங்கினார்கள், வாய்க்கால் தண்ணீருக்கு முறை பேசினார்கள், அந்த ஊரிலேயே பெண் எடுத்தார்கள். பிள்ளைகள் தாய் பேசுகிற பேச்சைப் பேசின. இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. வந்தவர்களின் மதத்தை எடுத்துக்கொண்டார்கள், பெயர்களை எடுத்துக்கொண்டார்கள், எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். தங்கள் மொழிக்கு அந்த எழுத்து பத்தாத இடத்தில் தாங்களே சிலதைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பேச்சை விடவில்லை. வருசப் பிறப்பையும் விடவில்லை. கடைசியில் வந்தவர்களும் சேர்ந்து அதைக் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு இதில் ஒரு மரியாதை வந்துவிட்டது. எந்தப் பக்கத்தின் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, இரண்டு பக்கத்தின் மேலும்தான்.

ஒரு நாள் கேட்டேன், "அப்ப நீங்க அரபியா, ஈரானியா?"

அவர் சிரித்தார். "அண்ணே, எங்க கிராமத்துல ஆட்டுக்கு அரபில பேரு. ரொட்டிக்குப் பாரசீகத்துல பேரு. ரெண்டும் வேணும்ல?"

அந்த முதல் குடியேறிகளின் வழியில் வந்ததாகத்தான் அவர் கிராமத்தில் சொல்லிக்கொள்வார்களாம். கிழவர்கள் இன்னமும் பாரசீகம் கலந்த ஓர் அரபி பேசுவார்களாம். அவர் மனைவி அப்படி இல்லை, சுத்தமாகப் பாரசீகம் பேசுகிற குடும்பம். இதை டீக்கடையில் சொன்னபோது, "அப்ப நீ அங்கயும் பொழைக்க வந்தவன், இங்கயும் பொழைக்க வந்தவன்" என்று கடைக்காரர் கேலி செய்தார். "ஆமாண்ணே, டீ மட்டும் எல்லா ஊர்லயும் காசு" என்று இவர் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சமயம் அவர்கள் நாட்டுக்கும் பக்கத்து நாட்டுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் தம்பி பட்டாளத்தில் இருந்தான். மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது, பொங்கலுக்கு முன்னாலேயே நின்றுபோனது. தபால்காரர் சைக்கிள் தெருவுக்குள் திரும்பினாலே அவள் மாடிப்படியில் வந்து நின்றுவிடுவாள். கடிதம் இல்லை என்று தபால்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அவள் மறுபடி மேலே ஏறிப் போவாள். உங்கள் அத்தைக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. "அந்தாளு பெல் அடிக்காமப் போனா என்ன?" என்று தபால்காரரைத் திட்டுவாள்.

மாசி முடியப் போகிற நேரம். அவர்கள் வருசப் பிறப்பு பங்குனி முதல் வாரத்தில் வரும். அதற்கு முன்னால் ஒரு தட்டில் கோதுமையை முளைக்கப் போடுவது அவர்கள் வழக்கம். பச்சைப் பசேல் என்று வளர்ந்ததை விருந்துக்கு நடுவில் வைத்துவிட்டு, வருசம் பிறந்து பதின்மூன்றாம் நாள் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அந்த வருசம் அவள் எவர்சில்வர் தட்டில் கோதுமையைப் பரப்பி, ஈரத்துணி போட்டு, தம்பியின் போட்டோவை உங்கள் அத்தையிடம் காட்டினாள். போட்டோவைத் தொட்டாள், தட்டைத் தொட்டாள். அவன் பேருக்குப் போட்டிருக்கிறாள் என்று அத்தைக்கு விளங்கிவிட்டது.

அத்தைக்கு விளங்காமல் எப்படி இருக்கும்? அதே பங்குனியில் நம் ஊர் அம்மன் கோவில் பொங்கலுக்குத் தெருவுக்கே முளைப்பாரி போடுகிறவள் அவள்தான். நம் வீட்டு உள்ளறையில்தான் தெருப் பெண்கள் எல்லாருடைய சட்டியும் இருக்கும். வெயில் படக் கூடாது, ஆம்பிளைக் கண் படக் கூடாது. காலையில் தலைக்குக் குளித்து, ஈரச்சேலையோடு போய்த் தண்ணீர் தெளிப்பாள். ஒரு வேளைச் சாப்பாடு. அவள் கைக்கு முளை நெருக்கமாக வரும் என்று பேர்.

தட்டு முளைவிட்ட நேரத்தில் அவர்கள் இருவரும் மெட்ராஸ் போக வேண்டியிருந்தது. விசாவை நீட்டிக்க வேண்டும், தம்பியைப் பற்றி யாரிடமாவது விசாரிக்க வேண்டும். போகும்போது அந்தப் பெண் மாடி அறைச் சாவியை அத்தை கையில் கொடுத்து, சன்னல் ஓரத்துத் தட்டையும் தண்ணீர்க் குடத்தையும் காட்டி, "அக்கா, தண்ணி" என்றாள். அத்தை அவள் கையைப் பிடித்து, "நீ போயிட்டு வா தாயி, நான் பார்த்துக்கிறேன்" என்றாள்.

பார்த்துத்தான் கொண்டாள். மாடிக்குப் போனவள், தட்டில் சன்னல் வெயில் சுள்ளென்று அடிப்பதைக் கண்டிருக்கிறாள். விவரம் தெரியாத பிள்ளை, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் வெயிலில் வைத்துவிட்டாள் என்று நினைத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளறையில் முளைப்பாரிச் சட்டிகளுக்கு நடுவில் வைத்து, கூடையைக் கவிழ்த்துவிட்டாள். தினமும் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். ஆம்பிளை என்பதால் எனக்கு அந்த அறைப் பக்கமே போக்கு இல்லை. உள்ளே பயிர் எப்படி வளர்கிறது என்று தெரியாது.

வருசப் பிறப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர்கள் திரும்பி வந்தார்கள். மெட்ராஸில் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. பெட்டியை இறக்குவதற்குள் அத்தை அவர்களை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். கோதுமை ஒரு சாண் வளர்ந்திருந்தது. முளைப்பாரிக்கு இருக்க வேண்டிய எலுமிச்சம்பழ நிறம். ஒரு முளை குறையில்லை. தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். இம்புட்டு நெருக்கமா நம்ம சட்டியில கூட வரலையே என்று ஒருத்தி பொறாமைப்பட்டாள். அத்தை தட்டை இறக்கி வைத்து நீளமாக ஒரு குலவை போட்டாள்.

அந்தப் பெண் தட்டைப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுததை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவர்தான் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். வருசம் பிறப்பதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவர்கள் ஊரில் தீ மூட்டித் தாண்டுவார்களாம். என் மஞ்சளை நீ எடுத்துக்கொள், உன் சிவப்பை எனக்குக் கொடு என்று தீயிடம் கேட்பார்களாம். மஞ்சள் என்றால் அவர்களுக்கு நோய். வெளிறிப் போன உடம்பு. தம்பியின் பேருக்குப் போட்ட பயிர் மஞ்சளாக வந்து நிற்கிறது.

நான் இதை அத்தையிடம் சொன்னேன். அவளுக்கு முதலில் ஏறவே இல்லை. "மஞ்சள் ஆகாதா? என்னடா சொல்ற? மஞ்சள் இல்லாம எந்த நல்ல காரியம்டா நடக்குது?" என்றாள். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.  "தண்ணி ஊத்தத்தான சொன்னா. நான் எதுக்குத் தூக்குனேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்படிக்குள் போனவள் வெளியே வரவில்லை. பெண்கள் கலைந்து போனார்கள்.

அவர் தட்டைக் கையில் எடுத்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். நான் ஒன்றை மட்டும் சொன்னேன். எங்கள் அக்கா அந்தத் தட்டுக்கும் சேர்த்துத்தான் விரதம் இருந்தாள், உங்கள் மச்சினன் பேரைச் சொல்லி ஒரு வேளைச் சோற்றோடு கிடந்தாள் என்றேன். பேர் அவளுக்கு வாயில் நுழையவில்லை. "அந்தப் பொண்ணோட தம்பி" என்றுதான் அவள் அம்மனிடம் வேண்டிக்கொண்டது என் காதிலும் விழுந்திருந்தது.

அவர் மனைவியின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அவர்கள் மொழியில் நீண்ட நேரம் பேசினார். அவள் முதலில் தலையைத் திருப்பிக்கொண்டாள், பிறகு கேட்டாள், கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். என்ன பேசினார் என்று மறுநாள் கடையில் கேட்டேன். மெல்ல, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தமிழிலேயே சொன்னார்.

"அவகிட்டச் சொன்னேன், அண்ணே. எங்க ஆளுங்க ஒங்க நாட்டுக்கு வந்த முதல் வருசம், எங்க வீட்டுப் பொம்பளை ஒருத்தி இதைத் தப்பாத்தான் வளர்த்திருப்பா. அவளுக்கு என்ன தெரியும், பாலைவனத்துல இருந்து வந்தவ. பக்கத்து வீட்ல பார்த்து ஆசையாச் செஞ்சிருப்பா. ஒங்க பாட்டி அதைப் பார்த்துட்டுத் தூக்கி எறியலை. எறிஞ்சிருந்தா எனக்கு இன்னைக்கு வருசப் பிறப்பே இல்லை."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"எங்க பாட்டி ரெண்டு திட்டாவது திட்டியிருப்பான்னு சொன்னா."

அவர்கள் திரும்பி வந்த அன்று சாயங்காலத்துக்கு முன்பே அந்தப் பெண் தட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். அடுப்படியிலிருந்து அத்தை பார்த்துவிட்டாள். முளைப்பாரியை வெயிலில் கொண்டுபோய் வைப்பதா என்று அவளுக்குப் பொறுத்திருக்காது. ஆனாலும் தடுக்காமல் பின்னாலேயே ஏறிப் போனாள். இந்தப் பங்குனி வெயிலில் அப்படியே வைத்தால் கருகிவிடும் என்று சைகையில் சொல்லி, தென்னங்கீற்று ஒன்றைச் சாய்த்து நிழலும் வெயிலுமாக வைத்தாள். அதன் பிறகு இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊரில் முளைப்பாரி வெளிச்சத்துக்கு வந்த அன்றே தண்ணீரில் கரைந்துவிடும். இருட்டில் வளர்ந்த பயிர் வெயிலைப் பார்த்தால் என்ன ஆகும் என்று பார்க்க யாருக்கும் வாய்ப்பே இருந்ததில்லை. அத்தையும் அன்றுதான் பார்த்தாள். மறுநாள் காலையில் நுனியில் பச்சை இறங்கியிருந்தது. உச்சிப்பொழுதுக்குள் பாதிவரை வந்துவிட்டது. அவள் மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். ஆம்பிளைக் கண் படக் கூடாது என்பதெல்லாம் மறந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். மேலே நல்ல பச்சை, அடியில் மட்டும் மஞ்சள்.

"மேல பாதி ஒன் ஊரு, கீழ பாதி என் ஊரு" என்று அத்தை அந்தப் பெண்ணிடம் சொன்னாள். "ரெண்டு சாமியும் பார்த்துக்கிரட்டும்."

அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு புரிந்ததோ, தலையை ஆட்டினாள். இருட்டில் வளர்ந்ததால் தண்டுக்குப் பலம் இல்லை, சாய்ந்து சாய்ந்து விழுந்தது. அவர்கள் வழக்கப்படி சுற்றிலும் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டியதும் நிமிர்ந்து நின்றது. வருசப் பிறப்பன்று அதைச் சுற்றி ஆப்பிள், பூண்டு, காடி, காசு என்று என்னென்னவோ வைத்திருந்தார்கள். அத்தை ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் கொண்டுபோய் வைத்தாள். அந்தப் பெண் ஆப்பிளை நகர்த்தி அதற்கு இடம் விட்டாள். தம்பியின் போட்டோவைத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

பதின்மூன்றாம் நாள் ஓடுகிற தண்ணீர் வேண்டும். பங்குனி பாதி தாண்டிய நேரத்தில் இங்கே எங்கே தண்ணீர் ஓடுகிறது? வைகையில் மணல், கண்மாயில் வெடிப்பு. உங்கள் மாமாவின் வாழைத் தோட்டத்தில் பம்புசெட் இருந்தது. கரண்டு வருகிற வரை வரப்பில் உட்கார்ந்திருந்தோம். மோட்டார் ஓடத் தொடங்கி வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்ததும், அந்தப் பெண் பயிரில் இரண்டு தாளைச் சேர்த்து, வேண்டிக்கொண்டு ஒரு முடிச்சுப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு தட்டிலிருந்து பயிரைத் தூக்கி விட்டாள். அது வேரோடு ஒரு பாய் மாதிரி மிதந்து வாழைக்குள் போனது.

"வாழைக்குள்ள கோதுமை மொளச்சா யாரு அறுக்குறது?" என்று மாமா கேட்டார்.

அப்போதுதான் அது நடந்தது. அந்தப் பெண் கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஒரு குலவை போட்டாள். நம் ஊர்க் குலவை இல்லை, கொஞ்சம் கூர்மையாக, கடைசியில் மேலே ஏறிப் போகிற மாதிரி. அத்தை திகைத்துப்போய், "இவளுக்கு யாருடா சொல்லிக் குடுத்தது?" என்றாள். அவர் சொன்னார், "எங்க ஊர்க் கல்யாணத்துல எல்லாம் உண்டு அக்கா. எங்க ஆளுங்க கொண்டு வந்ததுன்னு நாங்க சொல்லுவோம். இவ வீட்ல, முந்தியே இருந்துச்சும்பாங்க. அது இன்னும் பைசல் ஆகலை." அத்தை அதற்கு மேல் கேட்கவில்லை. அவளும் சேர்ந்து போட்டாள். மோட்டார் சத்தத்துக்கு மேலே இரண்டு குலவையும் கேட்டது.

சித்திரையில் செய்தி வந்தது. பல்கலைக்கழகத் தபாலாபீசுக்கு டிரங்க் கால் போன் வந்து, அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தம்பி உயிரோடு இருக்கிறான், ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கையில் காயம், அதனால்தான் எழுத முடியவில்லை. அந்தப் பெண் அத்தையைக் கட்டிக்கொண்டாள். அத்தை, "எந்தக் கையி?" என்றுதான் கேட்டாள். வலது கை என்றதும், "சோறு திங்கிற கையில்ல" என்றாள். அம்மன் காப்பாற்றினாள் என்றோ, நான் விரதம் இருந்தேன் என்றோ அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, என்றைக்கும் சொல்லவில்லை. அந்த விசயத்தில் உங்கள் அத்தையை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

கடைசி அத்தியாயத்தில், முதல் வருசம் பயிரைத் தப்பாக வளர்த்த அந்தப் பொம்பளையைப் பற்றி அவர் ஒரு பத்தி எழுதிக்கொண்டு வந்தார். நானும் அடித்தேன், ஒரு பிழையில்லாமல். ஆதாரம் இல்லை என்று பேராசிரியர் எடுக்கச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். அந்தப் பக்கத்தை மறுபடி அடித்துக் கொடுத்தேன். அதனால் அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெரியவன் கேட்டானே, குடியேறி அப்புறம் என்ன ஆச்சு என்று. யாரோ ஒருத்தி தெரியாமல் செய்தாள், யாரோ ஒருத்தி அதைத் தூக்கி எறியவில்லை. எனக்குத் தெரிந்த பதில் அம்புட்டுத்தான்.

பட்டம் வாங்கிக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்போதும் அங்கே சண்டை ஓய்ந்திருக்கவில்லை. மாடிக்கு வேறு ஆள் வந்தார்கள். அடுத்த பங்குனியில் அத்தையின் உள்ளறையில் வழக்கம்போலச் சட்டிகள் அடுக்கியிருந்தன. அவர்கள் பேருக்கும் ஒரு தட்டு போட வேண்டும் என்று எனக்கு இருந்தது, ஆனால் ஆம்பிளை முளை போடுவது நம் வழக்கத்தில் இல்லை, யாரிடமும் கேட்கவும் முடியாது.

ஒரு நாள் காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கடையைத் திறந்தேன். டைப்ரைட்டர் ரிப்பன் வருகிற வட்டத் தகர டப்பா ஒன்று காலியாகக் கிடந்தது. அதன் மூடியில் ஒரு பிடி கோதுமையைப் பரப்பித் தண்ணீர் தெளித்து மெஷினுக்குப் பின்னால் வைத்தேன். வெளிச்சம் சில நாள், இருட்டு சில நாள் என்று மாற்றி மாற்றி வைத்தேன். விரல் உயரம் வந்ததும், பாதி கறுப்பும் பாதி சிவப்புமாக இருக்கும் பழைய ரிப்பனில் ஒரு துண்டு வெட்டி, சிவப்பு வெளியே தெரிகிற மாதிரி மடித்துக் கட்டி, சன்னலில் வெயில் விழுகிற இடத்துக்கு நகர்த்தி வைத்தேன்.